விட்டுப்போன விநாடிகள்

ஜனவரி 11

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். இந்த முறை எனக்கு அது வரவில்லை. எத்தனையோ தடவை போன் செய்து பார்த்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உன் மாமா ஓட்டிய பஸ்ஸில் போன வாரம் நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோருடைய போனிலும் அது இருக்கிறது. சந்தைத் தெரு நிறுத்தத்தில் ஒரு பெண்மணி ஏறப் போகிறார், பஸ் நகர்கிறது, அவர் விழுகிறார். அவ்வளவுதான் வீடியோ. மருந்துக்கடைக் கேமராவில் பதிவானதாம். அந்தப் பெண்மணி பள்ளி நூலகர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உன் மாமாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கதவை மூடிட்டுத்தான் வண்டிய எடுத்தேன்." கேட்பவர்கள் சொல்வதும் ஒன்றே ஒன்றுதான்: "வீடியோ என்ன பொய்யா சொல்லுது?"

விசாரணைக் குழு அந்த வீடியோவை உங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எது அசல் வீடியோ, எது வெட்டி ஒட்டியது என்று கண்டுபிடிப்பதைத்தானே நீ பத்து வருஷமாகச் செய்கிறாய்? நேற்று யூனியன் செயலாளர் வந்தார். "உங்க தம்பி இந்த வேலை எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாராமே" என்றார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்றுகொண்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

உன் முதல் கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியவர் அவர். இதை நான் சொல்லிக்காட்டுவதாக நீ நினைத்தால், ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன்.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

நான் போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. வீடியோ எங்களுக்கு வந்த அன்றே, ஓட்டுநர் என் அக்காவின் கணவர் என்று இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு ஒரு விதி. எங்கள் அறிக்கை வெளியே போகும்வரை உங்கள் யாருடனும் நான் பேசுவதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கடிதங்களின் நகலும் இயக்குநரின் கோப்புக்குப் போகும். இந்தக் கடிதத்தையும் அவர் படித்த பிறகுதான் நீ படிக்கிறாய்.

நான் பரிசோதித்து, மாமா மேல் தவறில்லை என்று எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" அதோடு அந்த அறிக்கை குப்பைக்குப் போகும். என் கை பட்டால் அவருக்கு நஷ்டம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலையை எடுத்திருப்பவர் எங்கள் பக்கத்து அறைக்காரர். எறும்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு வீடியோவை ஒவ்வொரு படமாக ஊர்ந்து பார்ப்பார். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். போன வருஷம் என் கட்டுரையைக் கூட்டத்தில் வைத்துக் கிழித்தவர் அவர்தான். எனக்காக ஒரு வரி கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டார். அதை நினைத்து நீ நிம்மதியாக இருக்கலாம்.

பொதுவாக யார் கேட்டாலும் நாங்கள் சொல்கிற ஒன்றை உனக்கும் சொல்ல இயக்குநர் அனுமதித்திருக்கிறார். போனில் சுற்றும் வீடியோ அசல் அல்ல. அசல் மருந்துக்கடை ரெக்கார்டருக்குள் இருக்கும். இடம் நிரம்பினால் அந்தப் பெட்டி பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதும். அழிவதற்கு முன் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி விசாரணைக் குழுவிடம் மனு கொடு. இன்றைக்கே கொடு.

தம்பி


ஜனவரி 21

தம்பிக்கும், இதைப் படிக்கப்போகும் இயக்குநர் ஐயாவுக்கும்,

ஐயா, வணக்கம். குடும்ப விஷயம் எழுதும் பக்கங்களில் ஓரத்தில் கோடு போட்டுவைக்கிறேன். அவற்றை நீங்கள் தாண்டிப் போகலாம்.

மனு கொடுத்தேன். குழு ஆள் அனுப்புவதற்குள் நானே மருந்துக்கடைக்குப் போய்விட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் என்னைப் பார்த்ததும் மாத்திரை அட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். ஏற்கெனவே அடுக்கி இருந்தவற்றை. "அம்மா, நான் யாருக்கும் எதிரி இல்ல. கடைப் பையன் டிவில ஓடுனத போன்ல புடிச்சு அவன் கூட்டாளிங்களுக்கு அனுப்பிட்டான். அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். ரெக்கார்டரைக் காட்டச் சொன்னேன். தூசி படிந்த பெட்டி. நான்கு கேமராக்களின் வயர் அதில் போய்ச் சேருகிறது. அந்தத் தேதியைத் தேடினால் எதுவுமில்லை. "அது ஒரு வாரந்தான் வச்சிருக்கும்மா" என்றார்.

ஆக, அசல் போய்விட்டது. மிஞ்சியிருப்பது டிவி திரையைப் போனில் பிடித்த அந்த மங்கல் வீடியோ மட்டும். அதில் மூலையில் இருக்க வேண்டிய கடிகாரம்கூடப் படத்துக்கு வெளியே போய்விட்டது.

எனக்கு என்னவோ யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. டிப்போ மேலாளருக்கும் உன் மாமாவுக்கும் போன வருஷம் ஷிப்ட் விஷயத்தில் வாய்த்தகராறு. அந்த ஆள் மருந்துக்கடைக்காரரின் சம்பந்தி. நீயே யோசித்துப் பார்.

(ஓரத்தில் கோடு) பள்ளிக்கூடத்தில் யாரோ உன் மருமகளிடம் போனை நீட்டி அதை ஓட்டிக் காட்டினார்களாம். அவள் தோழியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்கா


ஜனவரி 25

அக்கா,

அசல் போனது நஷ்டம்தான். ஆனால் கதை முடிந்துவிடவில்லை. நகலின் நகலில்கூட விஷயம் இருக்கும்.

சதி என்று நீ எழுதியதைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. என் ஆராய்ச்சியைப் பற்றிப் பொதுவாகச் சொல்லலாம், அது ஊரறிந்தது. ஒரு துணியை வெட்டித் தைத்தால், எவ்வளவு நல்ல தையற்காரராக இருந்தாலும், உள்பக்கத்தைத் திருப்பினால் தையல் தெரியும். வீடியோவும் அப்படித்தான். கம்ப்யூட்டர் எல்லாப் படங்களையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். நடுவில் யாராவது வெட்டினால் அந்த ஒழுங்கு குலையும். குலைந்த இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்த மென்பொருளைத்தான் இப்போது பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். எறும்பும் அதைத்தான் முதலில் ஓட்டுவார். யாராவது கைவைத்திருந்தால் அது தப்பாது.

நீ தெம்பாக இரு. மாமாவை வெளியே நடக்கக் கூட்டிக்கொண்டு போ. அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பழகாதவர்.

தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இவ்வளவு நாள் ஆகியும் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுதுகிற நிலையில் வீடு இல்லை.

உன் மாமா கையெழுத்துப் போடப் போகிறேன் என்கிறார். தவறு என்னுடையதுதான், கதவு திறந்திருக்கும்போதே எடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு வேலைக்கு மாற்றி வைத்துக்கொள்வோம் என்று டிப்போவில் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஒப்புக்கொள்கிறார் என்றால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டார். நாள் முழுக்க அந்த வீடியோவைத்தான் பார்க்கிறார். ஓட விடுகிறார், நிறுத்துகிறார், மறுபடி முதலிலிருந்து.

"கதவ மூடினேன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொன்னேன். ஆனா இதுல மூடின மாதிரி தெரியலயே."

"உங்க கை மூடுச்சா இல்லியா? அத சொல்லுங்க."

"தெரியலம்மா. முன்னாடி தெரிஞ்சுது. இப்ப நெனச்சா இந்த வீடியோதான் வருது."

வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் தினமும் இதைப் பார்க்கிறேன். வரிசையில் காத்திருக்கும்போது முன்னால் இருப்பவர் எழுத்துப் பலகையை வாசிப்பது காதில் விழுந்துவிடும். தன் முறை வந்ததும் இவரும் கடகடவென்று வாசிப்பார். ஏமாற்ற வேண்டும் என்றில்லை, தெரிவதாகவே நினைத்துக்கொள்வார். பலகையை மாற்றி வைத்தால்தான் கண் எவ்வளவு பார்க்கிறது என்று புரியும். இவருக்கு எந்தப் பலகையை மாற்றி வைப்பது?

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நூலகர் அம்மாவையும் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டவில்லை. "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லங்க. ஏற நின்னேன், வண்டிய எடுத்துட்டாரு. வீடியோல அப்படித்தானே இருக்கு" என்றார். அவருக்கும் அதேதான்.

திரும்பி வரும்போது மருந்துக்கடை வாசலில் ஒரு பெண் முக்காலியில் கேமராவை வைத்து எதிர்வரிசைச் செருப்புக்கடையை மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு வழிவிடக்கூட நகரவில்லை. ஊரே கேமராப் பைத்தியம் பிடித்து அலைகிறது.

திங்கட்கிழமை டிப்போவுக்குப் போகிறார். அதற்குள் உன்னிடமிருந்து ஏதாவது வருமா?

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

இதை இயக்குநர் படித்துவிட்டுத் தன் கையாலேயே உறையிலிட்டு, நிலையத்து ஆளிடம் கொடுத்து அனுப்புகிறார்.

மாமா கையெழுத்துப் போட வேண்டாம். அறிக்கை வரும்வரை எதுவும் எழுதிக் கொடுக்காமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அந்த வீடியோவை அவர் போனிலிருந்து அழித்துவிடு. உன் போனிலிருந்தும் அழி. அதன் நகல் எங்களிடம் இருக்கிறது, உங்களுக்குத் தேவையில்லை.

நீ பலகையைப் பற்றி எழுதியதை இயக்குநர் இரண்டு முறை படித்தார்.

இங்கே நடைபாதையில் காதில் விழுவதையெல்லாம் நான் உனக்கு எழுத முடியாது. எழுதினால் நீ தூங்கமாட்டாய். நானும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் எறும்பு அந்த வீடியோவை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்திருக்காதவரை முடிவில்லை. அதை நம்பு.

தம்பி


பிப்ரவரி 27

அக்கா,

அறிக்கை இன்று இரு தரப்புக்கும் போய்விட்டது. இனி நான் அதைப் படிக்கலாம், உன்னிடம் பேசலாம். போன் செய்திருப்பேன். ஆனால் இதை நீ நிதானமாக, மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

முதலில் எனக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன். எறும்பு என் மென்பொருளை ஓட்டினார். அது "வெட்டு இல்லை, தொடர்ச்சியான பதிவு" என்று சொன்னது. போன மாதக் கடைசியிலேயே சொல்லிவிட்டது. அன்று நடைபாதையில் காதில் விழுந்தது அதுதான். அந்த வேலை என் கையில் இருந்திருந்தால், என் மென்பொருள் மேல் எனக்கிருக்கும் நம்பிக்கைக்கு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன். மாமாவுக்கு நானே குழி பறித்திருப்பேன்.

அது சொன்னது பொய்யும் இல்லை. டிவி திரையைப் போன் பிடித்த வீடியோ தொடர்ச்சியானதுதான். யாரும் வெட்டவில்லை. மேலாளரும் வெட்டவில்லை, அவர் சம்பந்தியும் வெட்டவில்லை. நீ அவர்களைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்.

கேன்டீனில் எறும்பை வழிமறித்துக் கேட்டேன். "மென்பொருள் தொடர்ச்சின்னு சொன்ன பிறகும் ஏன் விடல?"

"உங்க மென்பொருள் போனைக் கேட்டுச்சு. போன் உண்மையத்தான் சொல்லுச்சு. டிவிக்குப் பின்னால இருந்த பெட்டிய யாரும் கேக்கல" என்றார்.

பஸ் கூரைக்கு மேலே, எதிர்வரிசைச் செருப்புக்கடை மாடியில் சிவப்பு எழுத்து ஓடும் பலகை ஒன்று இருக்கிறதே, "எல்லா அளவும் கிடைக்கும்" என்று. வீடியோவில் அது ஒரு சிவப்புக் கோடாகத்தான் தெரிகிறது. எறும்பு அதைப் பெரிதாக்கி, துலக்கி எழுத்தாக்கியிருக்கிறார். எழுத்துகள் ஒரே வேகத்தில் ஊர்கின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தாவுகின்றன. "எல்லா" உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அடுத்த படத்தில் "கிடைக்கும்" வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ளது எங்கே? அந்தப் பழைய பெட்டி நான்கு கேமராக்களை ஒன்றாக எழுதும்போது திணறும். திணறினால் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு அடுத்ததை எழுதும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் நடந்தது போலத் தெரியும். எறும்பு உங்கள் தெருவுக்கே வந்து பலகையின் வேகத்தை அளந்திருக்கிறார். நீ பைத்தியம் என்று எழுதிய அந்தக் கேமராக்காரப் பெண் அவர்தான். அந்தக் கடிதத்தின் நகல் கோப்பில் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டாம் என்று இயக்குநரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விட்டுப்போனது குறைந்தது எட்டு விநாடி. அதற்கு முந்தைய படத்தில் பஸ் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, வாசலில் ஒருவருமில்லை. அடுத்த படத்தில் பஸ் நகர்கிறது, அந்த அம்மா பக்கத்தில் இருக்கிறார். வாசல் கறுப்பாக இருப்பதால் கதவு திறந்திருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அந்தக் கறுப்பில் மருந்துக்கடை விளக்கின் பிளஸ் குறி மங்கலாக மின்னுகிறது. கண்ணாடி இருந்தால்தானே விளக்கு அதில் தெரியும்? கதவு மூடியிருந்தது, அக்கா.

எட்டு விநாடியில் என்ன நடந்தது என்பதை அறிக்கை சொல்லவில்லை. "இந்த வீடியோவிலிருந்து அதை அறிய இயலாது" என்று முடித்திருக்கிறார். நீ கோபப்படுவாய். எனக்கு அதுதான் அறிக்கையிலேயே நேர்மையான வரி என்று தோன்றுகிறது. இனி மனிதர்களைத்தான் கேட்க வேண்டும்.

என் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க எனக்குத் தெரியும். எறும்பு கூடச் சேர்ந்து செய்கிறாரா என்று கேட்டேன். "கட்டுரைல என் பேரு முதல்ல வரணும்" என்றார். சரி என்றேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று தெரியும்.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். கதவு மூடியிருந்தது என்ற இடத்தில் உன் மாமா, "மறுபடி படி" என்றார். படித்தேன். பிறகு தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்விட்ச் கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கினேன்" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் புது வார்த்தை அது. எந்த வீடியோவிலும் இல்லாத வார்த்தை.

விசாரணை இந்த மாத ஆரம்பத்தில் நடந்தது. டிப்போவின் கீழ்த்தள அறை, நீள மேசை, ஓடாத மின்விசிறி. அறிக்கையை வாசித்த பிறகு தலைவர் வீடியோவைப் போடச் சொல்லவில்லை. திரையைச் சுருட்டச் சொன்னார். "நீங்க சொல்லுங்க" என்று உன் மாமாவைப் பார்த்தார்.

"கதவ மூடினேன். கண்ணாடியப் பாத்தேன், யாருமில்ல. எடுத்தேன். ஒடனே பக்கத்துல தட்டுற சத்தம் கேட்டுது. பிரேக் போட்டேன். அந்த ஸ்டாப்புல பெட்டிக்கடை நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குப் பின்னால இருந்து வர்றவங்க கண்ணாடில தெரிய மாட்டாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும். எழுதியும் குடுத்திருக்கோம்."

நூலகர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். அறிக்கையை மடியில் வைத்திருந்தார். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எட்டு விநாடியும் வீண்.

"நான் ஓடி வந்தேன்" என்றார். "பெட்டிக்கடைக்குப் பின்னால இருந்து. ஓடுனது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா வீடியோல நான் ஓடவே இல்ல. சரி, அடிபட்டதுல நாம ஏதோ கனவு கண்டுட்டோம்னு விட்டுட்டேன். வண்டியத் தட்டினேன். கைப்பிடிய எட்டிப் புடிக்கப் பாத்தேன்." உன் மாமாவைக் காட்டி, "இவரு சொல்ற சத்தம் என் கைதான்" என்றார்.

உன் மாமா எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

சஸ்பெண்டை ரத்து செய்துவிட்டார்கள். நிறுத்தத்தைப் பெட்டிக்கடைக்கு அப்பால் தள்ளி வைத்துவிட்டார்கள். மேலாளரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒதுங்கி நின்றால் பாசமில்லை என்று நினைத்தேன். நீ ஒதுங்கி நின்ற இடத்தில்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எறும்பைக் கேட்டதாகச் சொல்.

இந்தத் திங்கட்கிழமை உன் மாமா மறுபடி வண்டி எடுத்தார். நான் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னைத் தெரியாதவர் போலவே ஓட்டினார். சந்தைத் தெருப் புது நிறுத்தத்தில் வண்டி நின்றது. கைத்தடி ஊன்றிக்கொண்டு நூலகர் அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள். கதவு திறந்தது. அவர் ஒரு படி ஏறினார், மூச்சு வாங்கினார், அடுத்த படி ஏறினார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. உன் மாமா கதவை மூடினார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல், கண் உள்கண்ணாடியில்.

அந்த அம்மா எனக்கு எதிர் சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"உக்காந்துட்டேன். போலாம்."

அக்கா